புடிக்குதா

"புடிக்குதுங்களா?" என்று கடைக்காரர் கேட்டது, கிணற்றுமேட்டில் நின்று யாரோ குரல் கொடுத்ததுபோல் சென்னியப்பன் காதில் விழுந்தது. புடிக்குது என்றுதான் சொல்ல வேண்டும். கன்னம் இரண்டும் அமுங்கி, உதடு குவிந்து, பீப்பீ ஊதப் போகிறவன் வாய்போல் ஆகிவிட்டது, நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாது, இதற்கு மேலும் ஒரு ஹெல்மெட் எப்படிப் புடிக்கும். ஆனால் அந்த மனுசன் கேட்டது தலையைப் புடிக்குதா என்றா, மனசுக்குப் புடிக்குதா என்றா? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருசமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வார்த்தையைப் பிரித்துப் பார்க்கிற வேலை கிடையாது, இருந்தும் இன்றைக்குக் காலையிலிருந்து எந்த வார்த்தையும் அவனுக்கு நேராக வந்து விழவில்லை. தலையை ஆட்டினான். ஹெல்மெட்டும் கூடவே ஆடியது. கடைக்காரருக்கு அதில் ஒரு சந்தோசம். தலை போற பக்கம் அதும் போகோணும், அதுதானுங்க அளவு, இப்ப கழட்டாம கால் மணி நேரம் உக்காருங்க, எங்கியாச்சும் ஒரே இடத்துல வலி எடுத்தா சொல்லுங்க, வேற பாக்கலாம் என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். கலாமணி செல்போனில் மணி பார்த்தாள். பதினொன்று பத்து. இருபத்தஞ்சு வரைக்கும் உக்காருங்க என்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருசத்தில் அவனுக்காக அவள் மணி பார்த்தது இதுதான் முதல் தடவை.

உள்ளே அவன் மூச்சு அவனுக்கே கேட்டது. புதுப் பஞ்சின் வாசம், பசை வாசம், வரும்போது குடித்த டீயின் வாசம், எல்லாம் மூக்கைச் சுற்றியே நின்றது. சென்னிமலை முருகனுக்கு வேண்டிப் பெற்ற பிள்ளை என்று சென்னியப்பன் என்று பேர் வைத்தார்கள், சென்னி என்றால் தலையாம், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் சொல்லிச் சிரித்தார், பேரிலேயே தலை இருக்குது, உள்ளேதான் ஒண்ணையும் காணோம் என்று. அந்த வாத்தியார் இப்போது வந்து பார்க்க வேண்டும். உள்ளே இடமே இல்லை. உள்ளே முழுக்கக் கலாமணியின் விரல்கள்தான். அரைமணி நேரம் முன்னால் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாளே, அந்த விரல்கள். கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவள், ஒரு நாளைக்கு ஐந்நூறு டி-சர்ட்டுக்கு மார்பு அளவு, தோள் அளவு, கழுத்து அளவு பார்க்கிறவள், டேப்பு எப்போதும் பையில் இருக்கும், அது இருக்கட்டும். ஆனால் புருவத்துக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு, காதைத் தொடாமல், பின்னந்தலையில் எலும்பு புடைத்த இடத்தைச் சரியாகத் தேடிப் பிடித்து, ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று சொன்னாளே, ஒரு தடுமாற்றம் உண்டா? தலை என்ன டி-சர்ட்டா? பழகின கை அது. எந்தத் தலையில் பழகின கை என்று கேட்கவும் வேண்டுமா. அவள் கை அவன் தலையில் பட்டதே அந்த அளவெடுப்பில்தான், தலைவலி என்று ஒருநாள் படுத்தபோதுகூடத் தைலத்தை டப்பாவோடு கையில் கொடுத்துவிட்டுப் போனவள். பிறகு எல் சைஸை மாட்டினார்கள். அது அவனுக்கு வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இறங்கியது. நல்லாக் காத்தோட்டமா இருக்குது, இதையே எடுத்துக்கலாம் என்றான். அந்த நிமிசம் அவள் முகம் மாறியதை அவன் பார்த்தான். ரத்தமெல்லாம் இறங்கிப்போன முகம். தாடைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினாள், ஹெல்மெட் திரும்பியது, அவன் மூக்கு திரும்பவில்லை. அப்புறம் பின்னால் போய் நின்று, கழுத்துப் பக்கத்து விளிம்பில் உள்ளங்கையைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள் பாருங்கள், ஹெல்மெட் கவிழ்ந்து கண்ணை மறைத்துக் கழண்டே வந்துவிட்டது. கடைக்காரரே அசந்துபோய், அக்கா விவரமான ஆளுங்க என்றார். வேண்டாங்க, எம் குடுங்க என்றாள். யாரைக் கேட்டுச் சொன்னாள்? தலை அவனுடையது.

யாரைக் கேட்டு என்பதற்குப் பதில் அவனுக்குத் தெரியும். நந்தகோபாலைக் கேட்டு. கலாமணியின் முதல் புருசன், அத்தை மகன், வண்டிப் பைத்தியம், செத்து நாலரை வருசமாகிறது, ஊத்துக்குளி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து. பெண் பார்க்கப் போனபோதே எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள், ஒளிவுமறைவு இல்லை. நாற்பத்தொரு வயதுவரை பெண் கிடைக்காமல் இருந்தவன் அதற்கெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தான். ஒரே கம்பெனியில் பார்த்த முகம், மத்தியானச் சோற்று நேரத்தில் தனியாக உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற முகம், நல்ல முகம். சரி என்றான். செத்தவனோடு என்ன போட்டி என்று சித்தப்பாகூடச் சொன்னார். அந்தச் சித்தப்பாவுக்கு என்ன தெரியும். உயிரோடு இருக்கிறவனோடு போட்டி போட்டால் அவனுக்கும் தொப்பை விழும், அவனும் ஒருநாள் குறட்டை விடுவான், சோற்றில் உப்பில்லை என்று கத்துவான். செத்தவன் ஒன்றும் செய்ய மாட்டான். செத்த எருமை ஒரு படி பால் கறக்குமாம், கறந்துகொண்டே இருக்கும், வற்றவே வற்றாது. கலாமணியின் அக்கா வீட்டு ஹாலில் ஒரு போட்டோ, நந்தகோபால் கறுப்பு பைக்கில் சாய்ந்து நிற்கிறான், அக்குளில் ஒரு சிவப்பு ஹெல்மெட், பக்கத்தில் கலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. சென்னியப்பன் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டுகிற நாற்காலியில்தான் உட்காருவான், முதுகில் அந்தச் சிரிப்பு குறுகுறுக்கும். நந்தகோபாலை அவள் மாமா என்று கூப்பிட்டாளாம். இவனை ஏனுங்க. ஒன்றரை வருசமாக ஏனுங்க, சாப்பிடறீங்களாங்க, வர்றேனுங்க. மரியாதையில் ஒரு குறையும் இல்லை, அந்த மரியாதைதான் குறை.

என்ன மணி. பதினொன்று பதினாறு. நெற்றியில் வலது பக்கம் ஏதோ அழுத்துகிற மாதிரி இருந்தது. வலியா அது? வலி இல்லை. ஆனால் வலி என்று சொல்லலாம். சொன்னால் என்ன? அந்த எண்ணம் வந்ததும் அவனுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியது. வலிக்குது என்று சொன்னால் கடைக்காரர் வேறு எடுப்பார், எல் எடுப்பார், அவள் தேர்ந்தெடுத்தது தோற்கும், அவள் என்றால் அவள் இல்லை, அவளுக்குள் நின்று தேர்ந்தெடுக்கிறானே, அவன். அவன் மாறிப்போன புதுக் கம்பெனி பெருமாநல்லூருக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்கு நின்றால் ஒரு மணி நேரம் போகிறது என்றுதான் பைக் எடுத்தான். எடுத்து இருபது நாள், இரவல் ஹெல்மெட்டில் ஓட்டுகிறான், அவள் ஒருநாள்கூடப் பின்னால் உட்கார்ந்ததில்லை. கோயிலுக்கு என்றாலும் நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ஸுல வந்தர்றேன் என்பாள். இன்றைக்கு இந்தக் கடைக்கும் அப்படித்தான், அவன் பைக்கில், அவள் பஸ்ஸில், புருசன் பெண்டாட்டி கடைவாசலில் ஏதோ அரசாங்க ஆபீசில் சந்தித்துக்கொண்ட மாதிரி சந்தித்துக்கொண்டார்கள். பைக் வாங்கினால் பின்னால் உட்காருவாள், தோளில் ஒரு கை வைப்பாள், அதற்குத்தான் அந்தப் பைக்கே. பஸ், பெருமாநல்லூர், ஒரு மணி நேரம், எல்லாம் வாய்க்குச் சொல்கிற சாக்கு. நந்தகோபாலுக்குப் பின்னால் உட்கார்ந்த பின்சீட்டு, அதற்கு அப்புறம் எந்தப் பின்சீட்டிலும் உட்கார மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பாள். செய்யட்டும். அப்புறம் எதற்கு ஹெல்மெட்டை மட்டும் நான்தான் வாங்கிக் குடுப்பேன், நானும் கடைக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்?

எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை வைத்துக்கொண்டு. கலாமணி பக்கத்தில் வந்து குனிந்து முகத்தை மூடுகிற வைசரை டக்கென்று இறக்கி, ஓரத்தில் இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். இப்போது கண்ணாடியில் இருந்தவனுக்கு முகமே இல்லை. சட்டை சென்னியப்பனுடையது, கை அவனுடையது, வலது கட்டை விரலில் ஊசி ஏறின தழும்பும் அவனுடையது, கழுத்துக்கு மேலே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த முகமில்லாதவனை அவள் பார்த்தாள். சென்னியப்பன் கறுப்பு வைசருக்குள்ளே இருந்துகொண்டு அவள் பார்ப்பதைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வை அவனுடைய வெறும் முகத்துக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. கண் கலங்கி, கீழுதட்டைக் கடித்து, தாடையோரத்தில் இரண்டு விரல் வைத்து, குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டுப் பார்க்கிறவள்போல. ஓகோ, இதுதானா சங்கதி. முகத்தை மூடினால் நந்தகோபால் ஆகிவிடலாம். அடியே, உள்ளே நான் இருக்கிறேன், சென்னியப்பன், நேற்று உன் மிக்சியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தவன், உனக்கு ஆகாது என்று கத்தரிக்காயை விட்டவன். அவள் வாங்குவது அவன் தலைக்கில்லை. அளவு அவன் அளவு, தலை அந்தத் தலை. நாளை முதல் தினமும் காலையில் அவள் கையால் இதை மாட்டிவிடுவாள், மாட்டிவிட்டு இப்படித்தான் பார்ப்பாள், பதினாலு கிலோமீட்டர் அவன் நந்தகோபாலைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு போக வேண்டும். வேண்டாம். எல் சைஸே எடுத்துக்கொள்ளலாம். காற்றாவது வரும். நெற்றியில் வலிக்கிறதா? வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. நினைக்க நினைக்க வலிக்கிறது. இல்லை, வலிக்கவில்லை. மெஷினில் நூல் டென்ஷன் ஏறினால் அறுந்துவிடும், இறங்கினால் தொங்கும், கையில் பிடித்துப் பார்த்தாலே சொல்லிவிடுவான், சொந்தத் தலையில் சொல்ல முடியவில்லை.

"வலிக்குது" என்றான்.

மணி பதினொன்று இருபத்திரண்டு. அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தாடைப் பட்டையை அவிழ்த்து, இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக் கழற்றினாள். வெளிச்சமும் தெருச்சத்தமும் ஒரேயடியாக வந்து மோதின. அவள் அவன் நெற்றியைப் பார்த்தாள், டி-சர்ட்டில் ஊசி ஓட்டை தேடுகிற பார்வை. விரலால் தடவினாள். வலி இருந்தா அந்த இடத்துல செவந்திருக்குமுங்க, ஒரு பக்கமும் செவக்கலையே என்றாள். வசமாக மாட்டிக்கொண்டான். இருபது வருசம் பனியன் கம்பெனியில் இருந்தும் செக்கிங்காரியிடம் பொய் செல்லாது என்பது தெரியாமல் போயிற்று. அந்த வெட்கத்தில்தான் கேட்டான், இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டான், இன்னும் பத்து வருசம் முதுகு குறுகுறுக்க அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான்.

"இதெல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததா?"

"எதுங்க?"

"இந்த ஆட்டிப் பாக்கறது, பின்னால இருந்து தள்ளறது, ரெண்டு விரல் வெக்கறது. எல்லாந்தான்."

கலாமணி கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா இருந்திருப்பாருங்க" என்றாள்.

பிறகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கடைக்காரர் காதில் விழாத குரலில், சோற்று நேரத்தில் ஊர்க்கதை சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தச் சிவப்பு ஹெல்மெட் அவள் வாங்கிக் கொடுத்தது. கல்யாண நாளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல், ரோட்டோரத்துக் கடையில். தலை அளவு தெரியாது, கேட்டால் தெரிந்துபோகுமே என்று கேட்கவில்லை. திருப்பூரில் பிறந்தவள் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் கூட்டித்தான் வாங்குவாள், பனியன் துவைத்தால் சுருங்கும், ஜட்டி துவைத்தால் சுருங்கும், பிள்ளைக்குச் சட்டை எடுத்தாலும் ஒரு சைஸ் பெரிசு, அது கையோடு வந்த பழக்கம், ஹெல்மெட்டை யார் துவைக்கப் போகிறார்கள் என்று அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. எல் வாங்கினாள். போட்டுப் பார்த்து அவர் நல்லாக் காத்தோட்டமா இருக்குது என்றாராம். மூன்றே மாதம். மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் வண்டி வழுக்கியது, பெரிய வேகமெல்லாம் இல்லை, சைக்கிள் போகிற வேகம், வண்டியில் கண்ணாடி ஒன்றுதான் உடைந்தது. ஹெல்மெட் விழும்போதே கழண்டு தனியாக உருண்டு போய்விட்டது. போலீஸ்காரர் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தபோது அதில் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் விதி என்றார்கள், அத்தை மட்டும், ஹெல்மெட்டும் போட்டுட்டுத்தான போனான் சாமி என்று கேட்டுக்கேட்டு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லுவாங்கல்லங்க, தலைப்பாகை அப்படியே இருந்துச்சு என்றாள் கலாமணி. அவள் அழவில்லை. அதற்கு அப்புறம் தினமும் மத்தியானம் செல்போனில் அதைத்தான் பார்க்கிறாள், ஹெல்மெட் எப்படி அளந்து வாங்குவது என்று யார் யாரோ செய்துகாட்டும் வீடியோவை, இந்தியில், மலையாளத்தில், எந்தெந்தப் பாஷையிலோ. பாஷை புரியாது, கை புரியும். ஆள் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதைச் சென்னியப்பன் பார்த்திருக்கிறான், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், இவன் பக்கத்தில் போனதும் செல்போன் கவிழ்வதை. பழைய போட்டோ பார்க்கிறாள் என்று நினைத்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறான், ஒருநாள் அந்தப் போனைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தானே, படுபாவி.

"நீங்களும் காத்தோட்டமா இருக்குதுன்னு சொன்னீங்க" என்றாள். "அதனாலதான் எம் குடுங்கன்னு சொன்னனுங்க."

உன் தப்பில்லை என்று சொல்லலாம், அது பொய், அவள் கண்டுபிடித்துவிடுவாள். பொறாமை போய்விட்டதா என்றால் முழுசாகப் போகவில்லை, நாலரை வருசம் ஒருத்தி சோறு இறங்காமல் நினைத்துக்கொண்டிருந்தாளே, என்னை அப்படி யார் நினைப்பார்கள் என்று அந்த நேரத்திலும் ஓரமாக ஒரு புகை எழுந்தது, மனுசப் புத்தி நாய்வாலைவிடக் கேவலம். அதைச் சுமந்துகொண்டே, அவர் தலை என்ன அளவு என்று கேட்டான். கலாமணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவன் முகத்தில் வைசர் இல்லை, ஒன்றும் இல்லை, அமுங்கின கன்னமும் கலைந்த முடியும் தவிர.

"தெரியாதுங்க. அளந்ததே இல்லைன்னு சொல்றனே. உங்க தலையத்தான் மொதமொதல்ல அளக்கறேன்."

அவன் ஹெல்மெட்டை அவள் கையிலிருந்து வாங்கி, அவனே விரித்துப் பிடித்து மாட்டிக்கொண்டான். கன்னம் அமுங்கியது, உதடு குவிந்தது, காது மடிந்து நிமிர்ந்தது. தாடைப் பட்டையைப் போட்டு அவள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். வலிக்கலை, சும்மா சொன்னேன் என்று உள்ளே இருந்து சொன்னான். தெரியுமுங்க என்றாள். போட்டுக் கழற்றியதால் கால் மணி நேரத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். அந்தக் கண்டிப்பு அவனுக்கு இப்போது சுகமாக இருந்தது.

கடைக்காரர் வந்து, முடிஞ்சுதுங்களா, பில் போட்டரலாமா என்றார். கலாமணி கூந்தல் கிளிப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, முடியைத் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டு, இஞ்ச் டேப்பை எடுத்துச் சென்னியப்பன் கையில் வைத்தாள். எனக்கும் ஒண்ணு வேணுமுங்க, நீங்களே அளங்க என்றாள். அவன் ஹெல்மெட்டோடு எழுந்து நின்றான். ஆயிரம் மெஷினைத் திறந்து மூடின கை, அந்தத் தலையில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் டேப்பை இரண்டு தரம் திருப்பிப் பிடித்தது. டேப்பு வழுக்கி அவள் மூக்கில் விழுந்தது, இன்னொரு தடவை காதோடு சேர்த்துச் சுற்றிவிட்டான், கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். புருவத்துக்கு மேல ஒரு விரக்கடைங்க என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். முடியை அழுத்திப் பிடித்து, பின்னந்தலையில் எலும்பு புடைத்த இடத்தை விரலால் தேடினான். இருந்தது. ஐம்பத்தஞ்சு. எஸ் என்றான் கடைக்காரரிடம், ஒரு சைஸும் கூட்டாமல்.

நீல நிறத்தில் ஒன்று வந்தது. மாட்டிவிட்டான், தாடையைப் பிடித்து ஆட்டினான், பின்னால் போய்த் தள்ளிப் பார்த்தான், இரண்டு விரல் விட்டான், அவள் செய்தது அத்தனையும் அதே வரிசையில். கடைக்காரர் வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தார். சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, குனிந்து, அந்தச் சின்ன இடைவெளியில் தெரிந்த கண்ணைப் பார்த்து அவனே கேட்டான்.

"புடிக்குதா?"

அவள் தலையை ஆட்டினாள், நீல ஹெல்மெட்டும் கூடவே ஆடியது.

"புடிக்குதுங்க" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. இரண்டு ஸ்டூலையும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கால் மணி நேரத்துக்கு உட்கார்ந்தார்கள்.